டிவியை அணையுங்கள், அம்மா சாப்பிடட்டும்

டிமென்ஷியா என்னும் மறதி நோய் வந்த பெரியவர்கள் இருக்கும் வீடுகளில் பெரும்பாலும் டிவி ஓடிக்கொண்டே இருக்கிறது. "பாவம், அவங்களுக்கும் பொழுது போகணுமே" என்பார்கள். உள்ளே மிக்ஸி, குக்கர் விசில், வாசலில் ஹாரன். நமக்கு இதெல்லாம் காதில் விழுந்தாலும் மனதில் ஏறாது. வேண்டாத சத்தத்தை மூளை ஒதுக்கிவிடும். டிமென்ஷியாவில் அந்த ஒதுக்கும் வேலையே தடுமாறிப்போகிறது. சீரியலில் ஒருத்தி அழுதால் வீட்டில் யாருக்கோ ஏதோ ஆகிவிட்டதென்று பதறுவார்கள். செய்தி சேனலில் நாலு பேர் கத்தினால் கூடத்தில் சண்டை என்றே நம்பிவிடுவார்கள்.

பொழுது சாயும்போது பலருக்கு இந்தப் பதற்றம் கூடும். சொந்த வீட்டில் உட்கார்ந்துகொண்டே "வீட்டுக்குப் போகணும்" என்று கிளம்புவார்கள். அடம் பிடிக்கிறார் என்று சொல்லித் தூக்க மாத்திரை தேடுவதற்கு முன்னால், டிவியை நிறுத்திப் பாருங்கள். இருட்டும் முன்பே விளக்கைப் போடுங்கள். மூலையில் நிழல் விழுந்தால் யாரோ நிற்பதாகத் தோன்றும். கருப்பு மிதியடி சிலருக்குப் பள்ளமாகத் தெரியும், தாண்டப்போய் விழுவார்கள். அதை எடுத்துவிடுங்கள்.

சாப்பாட்டிலும் இதுதான். வெள்ளைத் தட்டில் வைத்த இட்லி கண்ணுக்கே படாமல் போகலாம். முற்றிய அல்சைமர் நோயாளிகள் சிலருக்கு பாஸ்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பளிச்சென்ற சிவப்புத் தட்டில் உணவு கொடுத்துப் பார்த்தார்கள். 2004-ல் வெளியான அந்த ஆய்வில், வெள்ளைத் தட்டில் சாப்பிட்டதைவிட அவர்கள் சுமார் 25 சதவீதம் கூடுதலாகச் சாப்பிட்டிருந்தார்கள். சிறிய ஆய்வுதான். ஆனால் ஒரு கலர் தட்டு வாங்க நமக்கு என்ன செலவாகிவிடும்?

வீடு மயான அமைதியாக இருக்கவேண்டும் என்று நான் சொல்லவில்லை. அம்மாவுக்குப் பிடித்த பழைய பாட்டு மெல்லிசாக ஒலிக்கட்டும். பாட்டு ஓடும்போது பாட்டு மட்டும், சாப்பிடும்போது சாப்பாடு மட்டும்.

எனக்கு மனம் பொறுக்காதது வேறொன்று. பார்க்க வருகிற சொந்தக்காரர்கள் கும்பலாகச் சுற்றி நின்றுகொண்டு, "என்னைத் தெரியுதா? யாருன்னு சொல்லுங்க பார்ப்போம்" என்று வைக்கும் பரீட்சை. பதில் தெரியாத அந்த முகம் கூனிக் குறுகுவதைப் பார்த்தவர்கள் மறுபடி கேட்க மாட்டார்கள்.

2023-ல் வெளியான ஒரு தேசிய ஆய்வின் மதிப்பீட்டின்படி, இந்தியாவில் 60 வயது கடந்தவர்களில் சுமார் 88 லட்சம் பேருக்கு டிமென்ஷியா இருக்கிறது. உங்கள் உறவிலும் ஒருவர் இருக்கலாம். அவரைப் பார்க்கப் போனால் ஒருவர் இருவராகப் போங்கள். எதிரே உட்கார்ந்து, "நான் உங்க தங்கச்சி பையன், மாமா" என்று நீங்களே முதலில் சொல்லிவிடுங்கள்.