ஐந்து உயிரும் ஒரு சொல்லில்



சென்ற வாரம் என் மகளின் மகன் பாடசாலையிலிருந்து வாடிய முகத்தோடு வந்தான். ஆங்கில ஆசிரியர் வகுப்பிலே ஒரு வினா விடுத்தாராம். ஏ, ஈ, ஐ, ஓ, யூ என்னும் ஐந்து உயிரெழுத்துக்களும் வருகின்ற ஆங்கிலச் சொல் ஒன்று கூறுக என்பதே அவ்வினா. மற்றைய மாணவர் ஒவ்வொருவராய் எழுந்து விடை கூற, இவன் மட்டும் வாய் திறவாது நின்றானாம். “அம்மப்பா, எனக்கு ஆங்கிலம் வராது” என்று முடிவாகச் சொல்லிவிட்டான்.

எனக்கு அது கவலை தந்தது. ஒரு வினாவுக்கு விடை தெரியாதிருத்தல் வேறு. ஒரு மொழியே தனக்கு வராதென எண்ணுதல் வேறு. அவ்வெண்ணம் வேரூன்றுமுன் களைந்துவிட வேண்டும்.

முதலில் அவன் அகராதியைப் புரட்டினான். பயன் கிட்டவில்லை. அகராதி ஒரே வாயிலையுடைய மாளிகை. முதலெழுத்தை அறிந்து வருவோனையே அது உள்ளே விடும். இடையெழுத்தையோ ஈற்றெழுத்தையோ அறிந்து வருவோன் வெளியே நிற்க வேண்டியதுதான். வேறு வாயில்களை முன்னோர் அமைக்காமல் இல்லை. ஜோன் வாக்கர் என்னும் ஆங்கிலேயர் 1775இல் சொற்களை ஈற்றெழுத்துப் பற்றி அடுக்கி ஓர் அகராதி வெளியிட்டார். நம் சூடாமணி நிகண்டின் பதினொராம் தொகுதி சொற்களை எதுகையாகிய இரண்டாம் எழுத்துப் பற்றி வகுத்துள்ளது. வீரமாமுனிவரின் சதுரகராதியிலும் (1732) தொடையகராதி என்றொரு பகுதி உண்டு.

அகராதியை மூடிவிட்டுப் பேரன் கைத்தொலைபேசியை எடுத்தான். ஐந்து எழுத்துக்களையும் கொடுத்த மாத்திரத்தில் அது நீண்ட பட்டியலொன்றைத் தந்தது. “இவற்றுள் எத்தனை சொற்களுக்குப் பொருள் அறிவாய்?” என்று வினவினேன். விழித்தான். பட்டியலை மறைத்துவிட்டு, “ஒன்றைச் சொல், பார்ப்போம்” என்றேன். ஒன்றும் நினைவில் நிற்கவில்லை.

“சரி, இருவரும் சேர்ந்து தேடுவோம். ஐந்தையும் ஒருங்கே தேடாதே, சொல்லின் வாலை முதலிற் பிடி” என்றேன்.

ஆங்கிலத்தில் ‘ஷன்’ என்று முடியும் சொற்கள் மிகப் பல. அவ்வீற்றைப் பெரும்பாலும் ரீ, ஐ, ஓ, என் என்று எழுதுவர். இரண்டு உயிர்கள் அங்கேயே கைவந்துவிட்டன, எஞ்சியவை மூன்றே. கல்வி ‘எடியுகேஷன்’, கணிதத்தில் வரும் சமன்பாடு ‘இக்குவேஷன்’. இரண்டிலும் ஐந்து உயிரும் உள. அவை ஈ, யூ, ஏ, ஐ, ஓ என்று ஒரே வரிசையில் நிற்பதும் காண்க.

அடுத்து ஐ, ஓ, யூ, எஸ் என்று முடியும் சொற்கள். இங்கே மூன்று உயிர்கள் வாலிலேயே வந்துவிடுகின்றன. ஏயும் ஈயும் முன்னே வந்தாற் போதும். விடாப்பிடியுடைய என்னும் பொருளில் ‘ரெனேஷியஸ்’, கூட்டமாக வாழும் இயல்புடைய என்னும் பொருளில் ‘கிரெகேரியஸ்’ ஆகியன இவ்வகையின. இக்குடும்பத்தில் இரண்டு சொற்கள் தனிச் சிறப்புடையன. உண்டி சுருக்கியோனைக் குறிக்கும் ‘அப்ஸ்ரீமியஸ்’, வேளையறியாது வேடிக்கை பேசுவோனைக் குறிக்கும் ‘ஃபசீஷஸ்’ என்னும் அவ்விரண்டிலும் ஐந்து உயிர்களும் ஏ முதல் யூ வரை வரிசை பிறழாது வருகின்றன. தலைகீழ் வரிசை வேண்டுமா? துணைக்கண்டத்துக்குரிய என்று பொருள்படும் ‘சப்கொன்ரினென்ரல்’ என்பதை எழுதிப் பாருங்கள்.

நடத்தையைக் குறிக்கும் ‘பிஹேவியர்’ என்பதிலும் ஐந்தும் உள. ஆனால் அமெரிக்கர் இதனை யூ இல்லாமல் எழுதுவர். நோவா வெப்ஸ்டர் 1828இல் வெளியிட்ட அகராதி அவ்வழக்குக்கு வலுவூட்டியது. அவர்கள் நடத்தையில் ஓர் உயிர் குறைவு என்றேன். பேரன் வாய்விட்டுச் சிரித்தான்.

கலிபோர்னியாவில் வானளாவ வளரும் மரமொன்றின் பெயர் ‘சிக்குவோயா’. எஸ், ஈ, கியூ, யூ, ஓ, ஐ, ஏ என ஏழே எழுத்துக்கள். அவற்றுள் ஐந்து உயிர்கள். செரோக்கி இனத்தவரான ஒருவரின் பெயரே அம்மரத்துக்கு இடப்பட்டதென்பர். அவர் ஆங்கிலம் எழுத வாசிக்க அறியாதவர். ஆயினும் வெள்ளையர் தாளிற் கீறிய குறிகள் பேசுகின்றன என்பதைக் கண்டு, பல ஆண்டுகள் முயன்று, 1821 அளவில் தம் மொழிக்கு எண்பதுக்கு மேற்பட்ட எழுத்துக்களைத் தாமே அமைத்துக் கொடுத்தார். அவர் இன மக்கள் விரைவில் அவற்றைக் கற்றுக்கொண்டனர். இதைக் கேட்ட பேரன் சிறிது நேரம் பேசாதிருந்தான். பின் எழுந்து குசினிப் பக்கம் போனான்.

சற்றைக்கெல்லாம் அங்கிருந்து ஒரு கூச்சல்! “அம்மப்பா, கோலிபிளவர்!” என்று ஓடி வந்தான். தாய் நறுக்கிக்கொண்டிருந்த காய் அது. தாளில் எழுதிக் காட்டினான்: சி, ஏ, யூ, எல், ஐ, எஃப், எல், ஓ, டபிள்யூ, ஈ, ஆர். ஐந்தும் இருந்தன. நான் சொல்லிக் கொடுத்த வால்களுள் எதுவும் அச்சொல்லுக்கு இல்லை. அது முழுவதும் அவனுடைய தேட்டம். பட்டியல் தந்த சொற்களெல்லாம் மறந்துபோயின. இந்த ஒன்றை அவன் இனி மறவான். ஆங்கிலம் வராது என்ற பேச்சும் அன்றோடு நின்றது.

மாணவர்களே, உங்களுக்கும் ஒரு வேலை தருகிறேன். கணக்கேடு எழுதுவோரைக் குறிக்கும் ஆங்கிலச் சொல் ஒன்றில் மூன்று இரட்டை எழுத்துக்கள் இடையீடின்றி அடுத்தடுத்து வருகின்றன. அது யாது? தொலைபேசியைத் தொடாது, வீட்டிலுள்ளோர் யாவரும் கூடியிருந்து தேடுங்கள். விடையை அடுத்த ஞாயிறு ஒப்பிட்டுப் பார்ப்போம்.