மழைநீர் ஏரிக்கு, கழிவுநீர் குழாய்க்கு

2024 டிசம்பர் 2ஆம் தேதி காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் விழுப்புரத்தில் 42 செ.மீ. மழை பதிவானது. அதற்கு முந்தைய நாள் கணக்கில் மயிலத்தில் 51 செ.மீ. கரையைக் கடந்த பிறகும் நகராமல் நின்ற ஃபெஞ்சல் புயல் கொட்டித் தீர்த்த மழை அது. விக்கிரவாண்டிக்கும் முண்டியம்பாக்கத்துக்கும் இடையே உள்ள பாலத்தில் வெள்ளம் அபாய அளவைத் தாண்டியதால் ரயில்கள் நிறுத்தப்பட்டன. சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு 1.68 லட்சம் கன அடி திறந்துவிடப்பட, தென்பெண்ணைக் கரையோர ஊர்கள் மூழ்கின.

அத்தனை மழையை எந்த ஊரின் வாய்க்காலும் குழாயும் தாங்கியிருக்காது. ஆனால், விழுப்புரம் போன்ற நகரங்களை ஆண்டுதோறும் வாட்டுவது அந்த மழை அல்ல. ஐப்பசி, கார்த்திகையில் அந்தி நேரத்தில் ஒரு மணி நேரம் பெய்து ஓயும் நாலைந்து செ.மீ. மழைதான். அதற்கே தாழ்வான தெருக்களில் பாதாளச் சாக்கடை ஆள்நுழைவுக் குழி ததும்புகிறது. கழிவுநீர் வாசற்படி ஏறுகிறது.

நம் ஊர்ப் பாதாளச் சாக்கடைகள் கழிவுநீருக்காக மட்டுமே போடப்பட்டவை. மழைநீருக்குத் தனி வடிகால் இருக்க வேண்டும். நடப்பது வேறு. தெருவில் வடிகால் இல்லை, இருந்தாலும் அடைத்துக் கிடக்கிறது என்று வீட்டுக்காரர் மொட்டைமாடிக் குழாயைச் சாக்கடைத் தொட்டியில் இணைத்துவிடுகிறார். தெருவில் தண்ணீர் தேங்கினால் யாராவது கடப்பாரையால் குழியின் மூடியை நெம்பித் திறந்துவிடுகிறார்கள். தண்ணீர் சுழித்துக்கொண்டு உள்ளே இறங்கும். அந்தத் தெரு வடிந்துவிடும். சற்று நேரத்தில் பள்ளத்துத் தெருவில் வேறொரு மூடியைத் தூக்கிக்கொண்டு அதே தண்ணீர் கறுப்பாக வெளியே வரும்.

கணக்குப் போட்டால் விபரீதம் புரியும். அரை கிரவுண்டு, அதாவது 1,200 சதுர அடி மொட்டைமாடியில் 5 செ.மீ. மழை பெய்தால் ஏறக்குறைய 5,500 லிட்டர் தண்ணீர் சேரும். ஆளுக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் குடிநீர் என்ற அரசு அளவுகோலை வைத்து, அதில் பெரும்பகுதி கழிவுநீராகும் என்று கொண்டால், நான்கு பேர் வாழும் வீட்டிலிருந்து வெளியேறும் கழிவுநீர் ஒரு நாளுக்கு 430 லிட்டர்தான். 5 செ.மீ.யும் ஒரே மணி நேரத்தில் கொட்டினால், அந்த வீட்டிலிருந்து குழாய்க்குப் போகும் ஓட்டம் வழக்கமான சராசரியைப்போல் 300 மடங்கு. குழாய்களோ சராசரியைப்போல் இரண்டு மூன்று மடங்கு ஓட்டத்துக்குத்தான் வடிவமைக்கப்படுகின்றன. நூறு வீடுகளில் ஒரே ஒரு வீடு இப்படி இணைத்திருந்தாலும், அந்த ஒரு மணி நேரத்தில் நூறு வீட்டுக் கழிவுநீரைப்போல் மூன்று மடங்கு மழைநீர் குழாயில் ஏறிவிடும். இன்னும் பெரிய குழாய், இன்னும் பெரிய மோட்டார் என்று கேட்பதில் பயனில்லை என்பதற்கு இந்தக் கணக்கே போதும்.

குழாய் ததும்பினால் அடுத்து என்ன நடக்கும் என்பதும் எல்லோருக்கும் தெரியும். அடைப்பெடுக்க ஒருவரை அழைப்பார்கள். பாதுகாப்புக் கருவிகள் இல்லாமல் மனிதர்களைக் கழிவுநீர்க் குழிக்குள் இறக்குவதை 2013ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம், சாக்கடையில் இறப்பவரின் குடும்பத்துக்கான இழப்பீட்டை 10 லட்சத்திலிருந்து 30 லட்சம் ரூபாயாக உயர்த்தியது. இருந்தும் விஷவாயு தாக்கி இறந்தவர்களைப் பற்றிய செய்தி நிற்கவில்லை. மொட்டைமாடிக் குழாயைத் தவறான இடத்தில் இணைப்பது சின்ன விதிமீறலாகத் தோன்றலாம். அதன் சுமை கடைசியில் ஒரு தூய்மைப் பணியாளரின் உயிர்மீது இறங்குகிறது.

இந்தப் பகுதியில் மழைநீருக்கு வழி இல்லாமல் போகவில்லை. மேட்டு ஏரி நிறைந்தால் கலங்கல் வழிந்து, வாய்க்காலில் ஓடி, கீழ் ஏரிக்குப் போய்ச் சேரும்படி முன்னோர் அமைத்துவைத்த ஏரிச் சங்கிலி இருக்கிறது. விழுப்புரம் நகருக்குள் ஓடும் கோலியனூரான் வாய்க்கால் பாசனத்துக்காக வெட்டப்பட்டது. அதில் இன்று சாக்கடை ஓடுகிறது. புதிய பேருந்து நிலையம் ஏரி நிலத்தில் கட்டப்பட்டது. அடைமழைக் காலத்தில் அங்கே பேருந்துகள் சக்கரம் மூழ்க நிற்பதும், மோட்டார் வைத்துத் தண்ணீரை இறைப்பதும் பழகிப்போன காட்சி. தண்ணீர் தன் பழைய இடத்துக்குத்தான் வருகிறது. அதைக் குற்றம் சொல்லி என்ன பயன்?

அமெரிக்காவின் போர்ட்லாந்து நகரத்தின் அனுபவம் இங்கே உதவும். அந்த நகரின் ஒரு பகுதியில் மழைநீருக்கும் கழிவுநீருக்கும் ஒரே குழாய். சின்ன மழைக்கே ஆற்றில் மலம் கலந்தது. சுமார் 140 கோடி டாலர் செலவில் பெரிய சுரங்கக் குழாய்களை அமைத்து 2011இல் முடித்தார்கள். ஆனால், சுரங்கத்தை மட்டும் நம்பவில்லை. 1993இலிருந்தே வீடு வீடாகப் போய்க் கூரைக் குழாய்களைச் சாக்கடையிலிருந்து பிரித்துத் தோட்டத்துக்குத் திருப்பினார்கள். தானே பிரித்துக்கொண்ட வீட்டுக்காரருக்குக் குழாய் ஒன்றுக்கு 53 டாலர் கொடுத்தார்கள். இப்படிப் பிரித்தவை 56,000க்கும் மேல். தெருவோரங்களில் செடிகள் வைத்த பள்ளங்களை அமைத்து, சாலையில் ஓடும் நீரை அவற்றில் இறக்கினார்கள். மண்ணும் குழாயும் சேர்ந்து வேலை செய்ததால், ஆற்றில் கலந்த கழிவு பத்தில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கியது.

இதற்கான பாதி வேலை தமிழ்நாட்டில் எப்போதோ முடிந்திருக்கிறது. 2003இல் மழைநீர் சேகரிப்பு எல்லாக் கட்டடங்களுக்கும் கட்டாயமாக்கப்பட்டது. அப்போது தோண்டிய தொட்டிகள் பல இன்று மண் மூடிக் கிடக்கின்றன. அவற்றைத் தூர்வாரி மொட்டைமாடிக் குழாயை மறுபடி இணைப்பதற்குப் புதிய தொழில்நுட்பம் எதுவும் தேவையில்லை. ஒன்றைச் சொல்ல வேண்டும்: பருவமழை வலுத்து நிலத்தடி நீர் மேலேறிவிட்டால் உறிஞ்சுகுழி உறிஞ்சாது, களிமண் தரையிலும் அப்படித்தான். அதனால் நிரம்பி வழியும் நீர் தெரு வடிகாலுக்கும், அங்கிருந்து குட்டைக்கோ ஏரிக்கோ போக வழி வேண்டும். சென்னை கிண்டியில் ரேஸ் கிளப் வசம் இருந்த நிலத்தில் அரசு குளம் வெட்டியது. விழுப்புரம் பேருந்து நிலையத்தைச் சுற்றியுள்ள தாழ்ந்த புறம்போக்கில் அதைச் செய்யக் கூடாதா?

இன்னொரு நிபந்தனையும் உண்டு. ஏரிக்குப் போவது மழைநீராக மட்டுமே இருக்க வேண்டும். சாக்கடையோடு கலந்து போனால் ஏரியும் கெடும், பக்கத்துக் கிணறுகளும் கெடும். எனவே, குழாயா குளமா என்று பிரித்துப் பேசுவதே தவறு. கழிவுநீரை ஒரு சொட்டு விடாமல் சுத்திகரிப்பு நிலையத்துக்குக் கொண்டுபோக நல்ல குழாய் வேண்டும். அந்தக் குழாய் தாங்க, மழையை வாங்கிக்கொள்ள ஏரியும் வாய்க்காலும் மரத்தடி மண்ணும் வேண்டும். இன்றைக்கு நகராட்சி, குடிநீர் வடிகால் வாரியம், நீர்வளத் துறை, நெடுஞ்சாலைத் துறை ஆகிய நான்கும் தனித்தனி வரைபடத்தோடு வேலை செய்கின்றன. மாவட்ட ஆட்சியர் அவற்றை ஒரே மேசையில் விரிக்க வைத்தால் போதும். எந்த வாய்க்கால் எந்தச் சாலையின் கீழ் அடைபட்டிருக்கிறது என்பது தெரிந்துவிடும்.

காணை போன்ற பக்கத்து ஊர்களும் இதில் பங்குதாரர்களே. அங்கே இப்போது மனைப் பிரிவுகள் பெருகுகின்றன. ஒவ்வொரு மனைப் பிரிவுக்கும் அனுமதி தரும்போது வரத்து வாய்க்காலின் அகலத்தை அளந்து கல் நட வேண்டும். வாய்க்கால் இருக்கும்போதே காப்பது செலவில்லாத வேலை. வீடு எழும்பிய பிறகு இடிப்பது வழக்கும் வம்பும்தான்.

விழுப்புரத்துக்குக் கிடைக்காத ஒரு வாய்ப்பு, இதே மாவட்டத்தில் உள்ள திண்டிவனத்துக்கு இருக்கிறது. அங்கே பாதாளச் சாக்கடைத் திட்டம் பின்னால்தான் வந்தது. வீட்டு இணைப்பு தரும் நாளிலேயே மொட்டைமாடிக் குழாய் எங்கே இறங்குகிறது என்று ஊழியர் பார்க்க வேண்டும். அது சாக்கடையில் சேராது என்று உறுதியான பிறகே இணைப்பு தர வேண்டும். பிரித்துக் கட்ட வசதியில்லாத வீடுகளுக்கு அந்தச் செலவைத் திட்ட நிதியிலிருந்தே நகராட்சி ஏற்கலாம். சில மீட்டர் பிவிசி குழாய்க்கு ஆகும் பணம்தான் அது.