உதிரம் சொல்லும் செய்தி: பாட்டிமார்களுக்காக ஒரு வேண்டுகோள்



ஓர் ஆசிரியர் எழுத வேண்டிய பொருளா இது என்று சிலர் வினவலாம். லாபு, ரந்தாவ், பகாவ் வட்டாரத் தோட்டப்புற வீடுகள் பலவற்றில் பிள்ளைகளைக் குளிப்பாட்டிப் பள்ளிக்கு அனுப்புபவர் பாட்டிதான். கருப்பையின் உட்சுவரில் தோன்றும் புற்றுநோய் பெரும்பாலும் மாதவிடாய் நின்ற பெண்களுக்கே வருகிறது. ஆகவே இது நம் மாணவர்களின் வீட்டுச் செய்தியே.

இந்நோய் முன்கூட்டியே அறிவித்துவிட்டு வருகிறது. மாதவிடாய் நின்றபின் இந்நோய் கண்ட பெண்களுள் 10 பேரில் ஏறத்தாழ 9 பேருக்கு உதிரப்போக்கு இருந்திருக்கிறது. அதே வேளையில், அவ்வாறு உதிரம் கண்ட 10 பேரில் ஏறத்தாழ ஒருவருக்கே புற்றுநோய் உறுதியாகிறது. எனவே அஞ்ச வேண்டியதில்லை. ஆனால் சோதிக்காமல் இருக்கலாகாது. 'பாப் ஸ்மியர்' சோதனை கருப்பையின் வாய்ப்பகுதிக்கே உரியது. அதை மட்டும் நம்பி இருந்துவிடக் கூடாது.

அறுவைச் சிகிச்சையே முதல் மருத்துவம். கருப்பையும் கருக்குழாய்களும் சூலகங்களும் அகற்றப்படும். தொடக்கத்திலேயே கண்டறிந்தால் பலருக்கு அதுவே போதும். நோய் தசைக்குள் ஆழமாக ஊடுருவியிருந்தால் கதிர்வீச்சும் தேவைப்படலாம். அறுவைக்குப்பின் 714 பெண்களிடம் நெதர்லாந்தில் நடந்த ஆய்வின் முடிவு 2000ஆம் ஆண்டில் வெளிவந்தது. கதிர்வீச்சு பெற்றோரிடம் 5 ஆண்டுகளுக்குள் நோய் அதே பகுதியில் திரும்புவது 14 விழுக்காட்டிலிருந்து 4 விழுக்காடாகக் குறைந்தது; ஆனால் ஆயுள் கூடவில்லை. அதனால்தான் மருத்துவர்கள் எல்லாருக்கும் 'கரண்டு' வைப்பதில்லை.

வெளியிலிருந்து செலுத்தும் கதிர்வீச்சு என்றால் வாரத்திற்கு 5 நாள், ஏறத்தாழ 5 வாரம். 2013 முதல் புத்ராஜெயாவில் இயங்கும் தேசியப் புற்றுநோய்க் கழகம் வரை ஒரு தோட்டத்துப் பெண் அத்தனை நாளும் எப்படிச் சென்று வருவார்? யார் உடன் செல்வது? அந்த நாள்களின் சம்பளம் என்னாவது? நாணத்தால் மறைத்த ஒரு செய்திக்குக் குடும்பமே தரும் விலை இது.

தோட்டத்து டிரெசர் ஆணாயிற்றே என்று கூசி வாய்மூடிய காலம் போகட்டும். பெற்றோர் ஆசிரியர் சங்கம் ஆண்டுக்கொரு முறையேனும் அரசாங்கக் கிளினிக்கின் தாதி ஒருவரை அழைத்து, பாட்டிமார்களுக்கென்றே தனியாக ஒரு கூட்டம் நடத்த வேண்டும். சிகிச்சைக்குச் செல்வோர்க்குக் கார் வைத்திருப்போர் முறைபோட்டு உதவலாம். விளையாட்டுப் போட்டிக்கு வண்டி ஏற்பாடு செய்ய முடிந்த நமக்கு இது முடியாத காரியமா?

இன்றிரவே உங்கள் தாயாரிடம் கேளுங்கள். மகள் கேட்டால் அவர் சொல்வார்.