அப்பாவின் கை மீண்டும் அசைய வேண்டுமா?

பக்கவாதம் வந்த தகப்பனாரை ஆஸ்பத்திரியில் இருந்து வீட்டுக்கு அழைத்து வருகிறோம். உற்றார் உறவினர் பழங்களுடன் வந்து பார்த்து விட்டுப் போகிறார்கள். "கண்டம் தப்பி விட்டது. இனிக் கவலை இல்லை" என்று வீடு பெருமூச்சு விடுகிறது.

வேலை முடிந்து விட்டதா? இல்லை. இப்போதுதான் தொடங்குகிறது!

உயிரைக் காப்பாற்றியவர் டாக்டர். கையையும் காலையும் மீட்பதில் பெரும் பங்கு வீட்டுக்குத்தான்.

பக்கவாதம் கை, கால்களில் வருகிற நோய் அல்ல. மூளையில் வருகிற நோய். மூளைக்குப் போகும் இரத்தக் குழாய் அடைத்துக் கொள்கிறது. அல்லது வெடித்து விடுகிறது. அந்த இடம் பழுதாகிறது. அதன் சொல் கேட்டு நடந்த கையும் காலும் நாக்கும் ஓய்ந்து விடுகின்றன.

ஆனால் மூளையின் மற்றப் பகுதிகள் அந்த வேலையை ஓரளவு கற்றுக் கொள்ள முடியும். எப்படி? குழந்தை நடை பழகுவது போலத்தான். திரும்பத் திரும்பச் செய்தால்தான் படியும்.

முதல் 3 மாதங்களில் முன்னேற்றம் வேகமாக இருக்கும். பிறகு வேகம் குறையும். ஆனாலும் பலருக்கு முன்னேற்றம் தொடரும். பொன்னான அந்த முதல் மாதங்களைப் பல வீடுகளில் வீணாக்கி விடுகிறோம். வெறுப்பினால் அல்ல, பாசத்தினால்!

"அப்பா சிரமப்படக் கூடாது" என்று மகள் சோறு ஊட்டுகிறாள். மகன் சட்டை மாட்டி விடுகிறான். தண்ணீர்ச் செம்பு வாய்க்கே வருகிறது. ஆறு மாதம் இப்படிப் போனால், செய்ய முடிந்ததையும் அவர் மறந்து விடுகிறார். பாதியை நோய் பறித்தது. மீதியை நம் அன்பு பறித்து விடலாமா?

செய்து கொடுப்பது மட்டும் சேவை அல்ல. செய்ய விடுவதும் சேவைதான்.

சட்டைப் பித்தான் போட அவருக்குப் பத்து நிமிடம் ஆகிறதா? ஆகட்டும். சோறு சிந்துகிறதா? சிந்தட்டும், துடைத்துக் கொள்ளலாம். எழுந்து நிற்கும்போது பக்கத்தில் நில்லுங்கள். விழாமல் பார்த்துக் கொள்ளுங்கள். டாக்டர் சொல்லிக் கொடுத்த பயிற்சியை ஒரு நாளும் விடாதீர்கள்.

சில எச்சரிக்கைகள் உண்டு. செயல் இழந்த கையைப் பிடித்து இழுத்துத் தூக்காதீர்கள். தோள்பட்டை நழுவி விடும். படுத்த நிலையில் சோறோ தண்ணீரோ கொடுக்காதீர்கள். நிமிர்ந்து உட்கார வையுங்கள். குடிக்கும்போது இருமல் வந்தால் டாக்டரிடம் சொல்லுங்கள். தண்ணீர் நுரையீரலுக்குள் போவது ஆபத்து. அவர் புரள முடியாமல் கிடந்தால், 2 மணி நேரத்துக்கு ஒரு முறை திருப்பிப் படுக்க வையுங்கள். இல்லாவிட்டால் படுக்கைப் புண் வரும்.

பேச்சு வரவில்லை என்பதற்காகப் புத்தியும் போய் விட்டதாக நினைக்காதீர்கள். நாம் சொல்வது பலருக்குப் புரியும். பதில் சொல்லத்தான் வராது. அவர் எதிரிலேயே, "இனி இவரால் என்ன பிரயோசனம்?" என்று பேசுவது கொடுமை. நேற்று வரை குடும்பத்தைத் தாங்கியவர் அவர். வீட்டுக் கணக்கை அவரிடம் சொல்லுங்கள். பேரனின் பள்ளிக்கூட விஷயத்தில் யோசனை கேளுங்கள். தலையை அசைத்தாலும் அது பதில்தான். எந்நேரமும் அழுகிறார், பசி இல்லை, தூக்கம் இல்லை என்றால் அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள். மனச்சோர்வுக்கும் மருந்து உண்டு.

இரத்த அழுத்த மாத்திரையை, "சுகமாகி விட்டதே" என்று நிறுத்தாதீர்கள். மீண்டும் பக்கவாதம் வர அதுவே வழி. வாய் கோணினாலோ, கை தளர்ந்தாலோ, பேச்சு குழறினாலோ உடனே 108-க்குப் போன் செய்யுங்கள். அடைப்பைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும்.

இன்னொன்று. இவ்வளவு வேலையும் யார் தலையில் விழுகிறது? பெரும்பாலும் மருமகள் தலையில்! பெற்றவர் மகனுக்குத்தானே? இரவில் ஒரு முறை எழுந்து திருப்பிப் படுக்க வைத்தால் மகனுக்கு என்ன குறைந்து விடும்? கவனிப்பவர் நோயில் விழுந்தால் வீடே விழுந்து விடும். வேலையைப் பங்கு போடுங்கள்.

பண வசதி இல்லாத குடும்பங்களுக்கும் வழி இருக்கிறது. 2021 ஆகஸ்டு 5-ந் தேதி கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில், உடற்பயிற்சி சிகிச்சையை வீட்டுக்கே வந்து கொடுக்க ஏற்பாடு செய்யப்பட்டது. உங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் விசாரியுங்கள்.

நாம் தத்தித் தத்தி நடந்தபோது, நம்மைத் தூக்கிக் கொண்டே திரிந்திருந்தால் நமக்கு நடை வந்திருக்குமா? அவர்கள் இரண்டு அடி தள்ளி நின்று கையை நீட்டினார்கள். "வா, வா" என்றார்கள். விழுந்தபோது திட்டவில்லை.

அந்தப் பொறுமைதான் இப்போது நாம் திருப்பிக் கொடுக்க வேண்டிய கடன்!