கீறலை மறைப்பதற்குப் பெயர் பாலிஷா?

"கிளியர் கோட் ரொம்ப ஹார்டு சார், கீறலே விழாது!" அப்படியா? வெயிலில் நிறுத்திப் பாருங்கள், சிலந்தி வலை மாதிரி சுழல் கீறல்கள்.

2003 கடைசியில் மெர்சிடிஸ் பென்ஸ் நானோ துகள் கலந்த கிளியர் கோட்டைக் கொண்டுவந்தது. கீறல் குறையும் என்பது நிஜம். விழவே விழாது என்பது வெறும் ஷோரூம் பேச்சு. கடினமான பூச்சில் விழுந்த கீறலை எடுப்பதும் கடினம். அதனால் சிலர் கிளேஸைத் தடவிக் கீறலை நிரப்பி, காசை வாங்கிக்கொண்டு அனுப்பிவிடுகிறார்கள். நாலு தடவை கழுவினால் பல்லிளிக்கும்!

நிஜமான பாலிஷ் என்பது காம்பவுண்டு போட்டுப் பூச்சையே சில மைக்ரான் தேய்த்து எடுப்பது. மொத்தமே ஏறக்குறைய 40-50 மைக்ரான்தான் மக்களே! வருஷா வருஷம் தேய்த்தால் அது வட்டியில் சாப்பிடுவதல்ல, முதலையே விழுங்குவது. முதலில் தூசியோடு காய்ந்த துணியால் துடைப்பதை நிறுத்துங்கள்.