பதிவு செய்வது நீங்கள்... பூட்டு யார் கையில்? டிவி ரெக்கார்டர் வாங்கும் முன் யோசிக்க வேண்டியவை

ஒன்பது மணி சீரியலை ஒன்பது மணிக்குத்தான் பார்க்க வேண்டும் என்ற கட்டாயத்தை உடைத்தது டிஜிட்டல் ரெக்கார்டர். 1999-ல் அமெரிக்காவில் 'டிவோ' என்ற பெயரில் வந்து, ஓடிக்கொண்டிருக்கும் டிவி நிகழ்ச்சியையே நிறுத்தி, பின்னால் தள்ளிப் பார்க்கலாம் என்று காட்டியது. இந்தியாவில் 2008-ல் 'டாடா ஸ்கை பிளஸ்' அந்த வசதியை டிடிஎச் பெட்டிக்குள் கொண்டுவந்தது. அதன் பிறகு யூஎஸ்பி துளை உள்ள செட்டாப் பாக்ஸ்கள் வந்தன. ஒரு ஹார்டு டிஸ்க்கைச் செருகினால் போதும், பெட்டியே ரெக்கார்டர் ஆகிவிடும் என்றார்கள்.

கேட்க எளிதாகத்தான் இருக்கிறது. ஆனால் கடையில் யாரும் சொல்லாத சில விஷயங்கள் உண்டு. குறிப்பாக, ஊரில் இருக்கும் அம்மா அப்பாவுக்கு வாங்கித் தர நினைப்பவர்கள் இதைப் படித்துவிட்டுப் பணம் கட்டுவது நல்லது.

ஓடிடி காலத்தில் ரெக்கார்டர் எதுக்கு?

நியாயமான கேள்வி. சன் டிவி சீரியலை சன் நெக்ஸ்ட்டிலும், விஜய் டிவி சீரியலை ஜியோ ஹாட்ஸ்டாரிலும் பார்க்க முடியும்போது தனியாகப் பதிவு செய்வானேன்? நல்ல பிராட்பேண்ட் இருந்து, வீட்டில் எல்லோருக்கும் ஆப் பழகியிருந்தால், உண்மையிலேயே ரெக்கார்டர் தேவையில்லை. அந்தப் பணத்தை மிச்சம் பிடியுங்கள்.

ஆனால் எல்லா வீடும் அப்படி இல்லை. நெட் ஒழுங்காக வராத ஊர்கள் இருக்கின்றன. ஆப், லாகின், ஓடிபி என்றாலே பயப்படுகிற பெரியவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்குப் பழகிய ரிமோட்டில் ஒரே பட்டனில் பதிவாகிற வசதி பெரிய நிம்மதி. இன்னொன்று, ஓடிடியில் இன்று இருக்கும் படம் உரிமம் முடிந்ததும் காணாமல் போய்விடும். பொங்கல், தீபாவளிக்கு வரும் பட்டிமன்றத்தையோ, மதிய நேரத்தில் எப்போதாவது போடும் பழைய படத்தையோ அப்புறம் தேடினால் கிடைக்கும் என்ற உத்தரவாதமும் இல்லை. இவர்களுக்குத்தான் ரெக்கார்டர்.

முதல் குழப்பம்: எது ரெக்கார்டர்?

'ஸ்மார்ட் பாக்ஸ்', 'ஆண்ட்ராய்டு பாக்ஸ்' என்ற பெயரைப் பார்த்ததும் அதில் ரெக்கார்டிங் இருக்கும் என்று நினைத்துவிடக் கூடாது. யூஎஸ்பி துளை இருந்தாலும், சில பெட்டிகளில் அது போட்டோவும் பாட்டும் பார்க்க மட்டுமே. "லைவ் சேனலைப் பதிவு செய்யுமா?" என்று நேரடியாகக் கேளுங்கள். அந்த வசதிக்கு மாதாமாதம் தனிக் கட்டணம் உண்டா என்பதையும் சேர்த்துக் கேளுங்கள்.

அதேபோல, சில டிவிக்களின் மெனுவிலேயே 'பிவிஆர்', 'டைம் ஷிஃப்ட்' என்று இருக்கும். அதை நம்பி ஹார்டு டிஸ்க் வாங்கினால் ஏமாற்றம்தான். டிவிக்குள் இருக்கும் ட்யூனர் நேரடியாகப் பிடிக்கும் சேனலை மட்டுமே அது பதிவு செய்யும். செட்டாப் பாக்ஸிலிருந்து ஹெச்டிஎம்ஐ கேபிள் வழியாக வரும் படத்தைப் பதிவு செய்யாது.

ஒன்றைப் பார்த்துக்கொண்டே இன்னொன்றைப் பதிவு செய்யலாமா?

பெட்டிக்குள் இரண்டு ட்யூனர் இருந்தால் செய்யலாம். ஆனால் அதற்கு மொட்டை மாடி டிஷ்ஷிலிருந்து பெரும்பாலும் இரண்டு ஒயர் இறங்க வேண்டும். டிஷ்ஷின் நுனியில் இருக்கும் எல்என்பியும் அதற்கேற்ற இரட்டை வகையாக இருக்க வேண்டும். வாடகை வீட்டில், நாலாவது மாடி அபார்ட்மென்ட்டில் இன்னொரு ஒயர் இழுக்க முடியுமா என்று முதலில் பாருங்கள். முடியாதென்றால், அப்பா நியூஸ் பார்க்கும் நேரத்தில் அம்மாவின் சீரியல் பதிவாகாது. வாங்கிய நோக்கமே அடிபட்டுப் போகும்.

எவ்வளவு இடம் வேண்டும்?

கணக்கு எளிது. ஹெச்டி சேனல் ஒன்று நொடிக்கு 8 மெகாபிட் வேகத்தில் வருகிறது என்று வைத்துக்கொண்டால், ஒரு மணி நேரத்துக்கு 3.6 ஜிபி ஆகும். 500 ஜிபி டிஸ்க்கில் சுமார் 135 மணி நேரம், 1 டிபியில் 270 மணி நேரத்துக்கு மேல். சாதாரண எஸ்டி சேனல் 2 மெகாபிட்டில் வந்தால் இதைப்போல நான்கு மடங்கு நேரம் கிடைக்கும். தினமும் இரண்டு மணி நேரம் பதிவு செய்து, பார்த்ததும் அழித்துவிடும் வீட்டுக்கு 500 ஜிபியே தாராளம்.

பென் டிரைவ் வேண்டாம். லைவை நிறுத்திப் பார்க்கும்போது பெட்டி விடாமல் எழுதிக்கொண்டும் படித்துக்கொண்டும் இருக்கும்; மலிவான பென் டிரைவ் அதற்குத் தாக்குப்பிடிக்காது. சிறிய 2.5 அங்குல ஹார்டு டிஸ்க் யூஎஸ்பி துளையிலிருந்தே மின்சாரம் எடுத்துக்கொள்ளும். ஆனால் யூஎஸ்பி 2.0 துளை 500 மில்லி ஆம்பியர்தான் தரும் என்பதால், சில டிஸ்க்குகள் சுழலவே திணறும். பெட்டி ஏற்கும் டிஸ்க் எது, அதிகபட்சம் எத்தனை ஜிபி என்று நிறுவனம் சொல்லும் பட்டியலைப் பார்த்து வாங்குங்கள். முக்கியமாக, செருகியதும் பெட்டி அதை ஃபார்மட் செய்யச் சொல்லும். கல்யாண போட்டோ இருக்கும் டிஸ்க்கை எடுத்துச் செருகிவிடாதீர்கள்.

நம்ம வீட்டுப் பழக்கமும் மழையும்

இரவு படுக்கும் முன் சுவிட்ச் போர்டில் எல்லாவற்றையும் அணைப்பது நம் வீடுகளின் நல்ல பழக்கம். ரெக்கார்டருக்கு அது ஆகாது. ஸ்டாண்ட்பையில் இருந்தால்தான் குறித்த நேரத்தில் விழித்துக்கொண்டு பதிவு செய்யும். பெட்டியும் டிஸ்க்கும் சேர்ந்து 15 வாட் எடுப்பதாகக் கொண்டால், நாள் முழுக்க ஓடும்போது இரண்டு மாத மின் கணக்கில் சுமார் 22 யூனிட் கூடும். 100 யூனிட் இலவசத்துக்குள் அடங்கும் சின்ன வீட்டுக்கு இது கவனிக்க வேண்டிய எண்.

பவர் கட் ஆனால் பதிவு பாதியில் நிற்கும். இன்வெர்ட்டர் இருந்தால் பெட்டியை அந்த லைனில் கொடுங்கள். பலத்த மழையில் டிடிஎச் சிக்னல் அறுந்தால் பதிவிலும் அதே ஓட்டை விழும். இதற்கு எந்த மாடலிலும் தீர்வு இல்லை. கிரிக்கெட் பதிவு செய்பவர்கள் முடியும் நேரத்தை ஒரு மணி நேரமாவது தள்ளி வையுங்கள். இல்லையென்றால் சரியாகக் கடைசி ஓவரில் நின்றுவிடும்!

சட்டம் சொல்வதும் பெட்டி செய்வதும்

டிவி நிகழ்ச்சியை வீட்டில் பதிவு செய்வது தப்பா? இல்லை. 1957-ம் ஆண்டு காப்புரிமைச் சட்டத்தின் 39-வது பிரிவு, சொந்த உபயோகத்துக்காக ஒருவர் பதிவு செய்துகொள்வதை ஒளிபரப்பு உரிமையை மீறியதாகக் கருதவில்லை. அமெரிக்க உச்ச நீதிமன்றமும் 1984-ல் சோனி பீட்டாமேக்ஸ் வழக்கில், பிறகு பார்ப்பதற்காக வீட்டில் பதிவு செய்வது நியாயமான பயன்பாடே என்று தீர்ப்பளித்தது. அந்தப் பதிவை டெலிகிராமில் ஏற்றினால் கதை வேறு. அது சொந்த உபயோகம் ஆகாது.

சட்டம் இவ்வளவு தெளிவாக இருக்க, பெட்டி என்ன செய்கிறது? கட்டணச் சேனல்களின் பதிவைத் தனக்கு மட்டுமே புரியும்படி பூட்டி எழுதுகிறது. டிஸ்க்கைக் கழற்றி லேப்டாப்பில் போட்டால் ஓடாது. பெட்டி பழுதாகி அதே நிறுவனம் வேறு பெட்டி தந்தாலும், பழைய பதிவுகள் பொதுவாக அதில் திறக்காது. ரீசார்ஜ் தீர்ந்தால் ஏற்கெனவே பதிவு செய்ததையே பார்க்க விடாத பெட்டிகளும் உண்டு. டிஸ்க் நாம் வாங்கியது, மின்சாரம் நாம் கட்டியது, சேனலுக்கான காசும் நாம் கொடுத்தது. சாவி மட்டும் அவர்களிடம்.

திருட்டைத் தடுக்கப் பூட்டு வேண்டும் என்ற நிறுவனங்களின் வாதத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் ஒரே சந்தாதாரரின் பழைய பெட்டியிலிருந்து புதிய பெட்டிக்குப் பதிவுகளை மாற்றித் தருவதில் என்ன திருட்டு இருக்கிறது? 2011-லேயே செல்போன் எண்ணை மாற்றாமல் நிறுவனம் மாறும் உரிமை நாடு முழுவதும் வந்துவிட்டது. எந்த நிறுவனத்தின் சேவைக்கும் பொருந்தும் செட்டாப் பாக்ஸ் வேண்டும் என்று டிராய் 2020 ஏப்ரலில் பரிந்துரைத்தது. அந்தத் திசையில் போகும்போது, பார்வையாளரின் பதிவுகளுக்கும் அதே உரிமை கிடைக்க வேண்டும். அதுவரை, "பெட்டி மாறினால் பதிவுகள் போய்விடும்" என்று விளம்பரத்திலேயே பெரிய எழுத்தில் சொல்வதுதான் நேர்மை.

முடிவாக...

கடைக்காரரிடம் மூன்று கேள்விகள் கேளுங்கள். பார்த்துக்கொண்டே வேறு சேனலைப் பதிவு செய்ய முடியுமா? பெட்டி பழுதானால் என் பதிவுகள் என்ன ஆகும்? ரீசார்ஜ் இல்லாத நாளில் அவற்றைப் பார்க்கலாமா? பதில் மழுப்பலாக வந்தால் ஹார்டு டிஸ்க் உள்ளேயே இருக்கும் விலை உயர்ந்த பெட்டிக்குப் போகாதீர்கள். யூஎஸ்பி ரெக்கார்டிங் உள்ள சாதாரணப் பெட்டியே போதும். பெட்டி மாறினாலும் டிஸ்க்கை அழித்துவிட்டு வேறு வேலைக்கு வைத்துக்கொள்ளலாம்.

ரெக்கார்டரை வார சமையலுக்கான ஃபிரிட்ஜ் மாதிரி பயன்படுத்துங்கள்: வைத்து, எடுத்து, தீர்த்துவிடுங்கள். பேரனின் நடனம் டிவியில் வந்தது என்று ஆண்டுக்கணக்கில் பத்திரப்படுத்த நினைத்தால், இந்தப் பெட்டியை மட்டும் நம்பாதீர்கள்.