தோற்றுப் பார்க்கவும் உரிமை வேண்டும்

என் அக்கா மகளுக்குப் பதினாறு வயது. பதினோராம் வகுப்பு படிக்கிறாள். போன கோடை விடுமுறையில் என்னிடம் வந்து, "சித்தி, நான் சினிமாவுல நடிக்கப் போறேன்" என்றாள். அக்கா அழுதாள். கொத்தனார் வேலை செய்யும் மாமா இரண்டு நாள் யாரிடமும் பேசவில்லை.

எங்கள் வீட்டில் கல்லூரிக்குள் கால் வைத்த முதல் ஆள் நான். அடுத்து அவள் என்று எல்லோரும் கணக்குப் போட்டு வைத்திருந்தோம். கல்வியைப் பிடித்துக்கொண்டுதான் காலனியை விட்டு ஓரடி மேலே வந்தோம். அதனால் நானும், "முதல்ல டிகிரி முடி" என்றேன். அவள் கேட்டாள்: "டீச்சர் ஆகலாம், கலெக்டர் ஆகலாம்னு சொல்றீங்க. நடிக்க மட்டும் வேற வீட்டுல பொறக்கணுமா?"

நியாயமான கேள்வி. மலையாளத்தின் முதல் படமான விகதகுமாரனில் நாயகியாக நடித்த பி.கே.ரோஸி தலித் பெண். அவர் நாயர் பெண்ணாகத் திரையில் தோன்றியதைப் பொறுக்காத சாதிவெறியர்கள் அவரை ஊரை விட்டே விரட்டினார்கள். தமிழ்நாட்டுக்கு வந்து, தான் நடிகை என்பதையே மறைத்து வாழ்ந்து மறைந்தார்.

இன்று யாரும் கல்லெறிவதில்லை. வேறு மாதிரி சொல்கிறார்கள். சென்னையில் ஓர் ஆடிஷனுக்கு அவளை அழைத்துப் போனேன். அவள் பேசி நடிக்கும் முன்பே, "கிராமத்து ரோல் வந்தா கூப்பிடுறோம்" என்றார் ஒருவர். இன்னொருவர் போட்டோ ஆல்பத்துக்கென்று முப்பத்தைந்தாயிரம் கேட்டார். நிறத்தைப் பார்த்து ஒரு கதவு, காசைப் பார்த்து ஒரு கதவு.

நெல்லை தங்கராசுவை நினைத்துப் பாருங்கள். வாழ்நாளெல்லாம் கூத்தாடிய கலைஞர். 2018இல் வந்த பரியேறும் பெருமாளில் நாயகனின் அப்பாவாக அவரைப் பார்த்து நாடே கலங்கியது. 2023இல் இறந்துபோனார். அந்த நடிப்பு திடீரென்று முளைத்ததா? இல்லை. முதுமை வரை அதைத் தேடி எவரும் வரவில்லை, அவ்வளவுதான்.

சினிமாவில் நுழையத் திறமையைவிட முதலில் தேவைப்படுவது காத்திருக்கும் வசதி. வசதியான வீட்டுப் பையன் சாலிகிராமத்தில் அறை எடுத்து ஐந்து வருடம் அலைவான். நடக்கவில்லையென்றால் அப்பாவின் கடையில் உட்காருவான். அதற்கு 'அனுபவம்' என்று பெயர். எங்கள் பிள்ளை அதே ஐந்து வருடத்தைத் தொலைத்தால் ஒரு தலைமுறையின் படிப்பே போகும். கனவு காணும் உரிமையைப் பற்றி நிறையப் பேசுகிறோம். தோற்றுவிட்டுத் திரும்பிவர ஓர் இடம் இருப்பதும் உரிமைதான். அது இன்றும் சாதியாலும் சொத்தாலும் கிடைப்பதாகவே இருக்கிறது.

ஆகவே, ஆதரவு என்பது முதுகில் தட்டிக்கொடுப்பதோடு முடியாது. அவளுக்குச் சொன்னேன்: பன்னிரண்டாம் வகுப்பை விடக்கூடாது. வாய்ப்புத் தருகிறேன் என்று பணம் கேட்பவரிடம் போகக்கூடாது. எங்கே போனாலும் வீட்டுப் பெரியவர் ஒருவர் கூட வருவார். முதலில் நாடகம் பழகு, குரலும் உடம்பும் அங்கேதான் பண்படும்.

சட்டத்தை மட்டும் நம்பியும் இருக்க முடியாது. 2017இல் திருத்தப்பட்ட குழந்தைத் தொழிலாளர் விதிகள் ஒரு நாளைக்கு ஐந்து மணி நேரத்துக்கு மேல் குழந்தையை நடிக்க வைக்கக் கூடாது, மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும், வருமானத்தில் குறைந்தது 20 விழுக்காட்டைக் குழந்தையின் பெயரில் வங்கியில் போட வேண்டும் என்கின்றன. ஆனால் அவை பதினான்கு வயது நிரம்பாதவர்களுக்குத்தான். பதினாறு வயதுக்காரிக்கு அந்த வேலி இல்லை. வேலை நேரம், சம்பளம், படிப்பு எல்லாவற்றையும் எழுத்தில் வாங்க வேண்டியது நம் பொறுப்பு.

தோழர்களுக்கு ஒரு வேண்டுகோள். நம் இயக்குநர்களின் படம் வந்தால் பேனர் வைக்கிறோம், விவாதிக்கிறோம். நல்லது. நம் இரவுப் பாடசாலைகளில் போட்டித் தேர்வுக்குப் பயிற்சி தருகிறோம். அதே கூடத்தில் ஞாயிறுதோறும் ஒரு மணி நேரம் நடிப்புப் பயிற்சி தந்தால் என்ன? ஆடிஷனுக்குச் சென்னை வரும் பிள்ளைக்கு ஒரு பஸ் டிக்கெட், தங்க ஒரு தோழர் வீடு, ஒப்பந்தத்தைப் படித்துச் சொல்ல ஒரு வழக்கறிஞர். இவ்வளவையும் நம்மால் செய்ய முடியும்.

போன ஞாயிற்றுக்கிழமை என் செல்போனில் அவளுடைய ஆடிஷன் வீடியோவை எடுத்துக்கொண்டிருந்தேன். ஏழெட்டு டேக் ஆகிவிட்டது. அக்கா வாசலில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தாள். கடைசியில், "கொஞ்சம் நிறுத்திப் பேசச் சொல்லு, அழுகை தானா வரும்" என்றாள்.

அடுத்த டேக் சரியாக வந்தது.